அங்கே என்ன ஸ்கோர்? – கத்தாரில் ஏழு நாள்

நவம்பர் 26, சனி

2022 கால்பந்து உலகக் கோப்பை பார்க்க மதியம் தோஹாவில் இறங்கினேன். சித்தி மகன் நஜ்மாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், இன்னும் மூன்று பேரோடு இருக்கிறான். ஹோட்டல் வாடகையைப் பார்த்துவிட்டு இந்தப் பயணத்தையே விட்டுவிட இருந்தேன். "அண்ணே, ஒரு கட்டில் இருக்கு, கெளம்பி வாங்க" என்று இழுத்தவன் அவன்தான்.

கையில் ஐந்து டிக்கெட்டுகள். எல்லாமே குரூப் ஆட்டங்கள் (குரூப்புக்கு நாலு அணி, ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு ஆடும், முதல் இரண்டு அடுத்த சுற்றுக்குள்ளே), எல்லாமே 250 ரியால் டிக்கெட். "இவ்வளவு செலவு பண்ணி ஃபைனல் பார்த்தாலும் பரவாயில்லை" என்று வீட்டில் சொன்னார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே குரூப் கட்டம்தான் பிடிக்கும். நாக் அவுட்டில் தோற்றவன் பெட்டியைக் கட்டிவிடுவான். குரூப்பில் தோற்றவனோ பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருவான். இவன் அவனை ஒரு கோலில் ஜெயித்து, அவன் இவனிடம் டிரா செய்தால்… என்று ஒரு கணக்கு ஓடும். வியாசர்பாடித் திண்ணையில் அந்தக் கணக்குப் போட்டே நான் கூட்டல் கழித்தல் கற்றுக்கொண்டேன்.

இரவு இண்டஸ்ட்ரியல் ஏரியா பக்கம் ஏசியன் டவுனுக்குத் தம்பி கூட்டிப்போனான். அங்கிருக்கும் கிரிக்கெட் மைதானத்தில் தொழிலாளர்களுக்காகப் பெரிய திரை வைத்திருக்கிறார்கள். அர்ஜென்டினா – மெக்சிகோ. நாலு நாள் முன்பு சவுதியிடம் 1–2 என்று தோற்ற அர்ஜென்டினாவின் 36 ஆட்டத் தோல்வியில்லாக் கணக்கு அங்கே முடிந்திருந்தது. இன்றும் தோற்றால் மெஸ்ஸி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வங்கதேசத்துப் பையன்கள், நீலவெள்ளைச் சட்டை. 64வது நிமிடத்தில் மெஸ்ஸி தூரத்திலிருந்து தரையோடு தரையாக ஒன்றை அடித்தார். எனக்கு முன்னால் இருந்த பையன் அழுதேவிட்டான். அப்புறம் என்சோ பெர்னாண்டஸ் ஒன்று போட, 2–0.

அங்கேதான் ராமநாதபுரத்து அண்ணனைப் பார்த்தேன். தம்பியின் பழைய ரூம்மேட், ஐம்பதைத் தாண்டியவர், பதினாறு வருடமாக இங்கே சாரம் கட்டும் வேலை. லுசைல் மைதானத்துக் கூரை வேலையில் எட்டு மாதம் இருந்திருக்கிறார். திரையில் அந்த மைதானத்தை மேலிருந்து காட்டியபோது, "அந்த வளைவுல நான் நின்னுருக்கேன் தம்பி" என்று கை நீட்டினார். முடிந்த பிறகு உள்ளே போனதில்லையாம். இங்கே வசிப்பவர்களுக்கு 40 ரியால் டிக்கெட் உண்டு. தம்பி ஏற்பாடு செய்திருக்கிறான். 30ஆம் தேதி என்னோடு வருகிறார்.

நவம்பர் 27, ஞாயிறு

ஜப்பான் – கோஸ்டாரிகா, அஹ்மத் பின் அலி மைதானம், பகல் 1 மணி ஆட்டம். மெட்ரோ பச்சைப் பாதையில் அல் ரிஃபா வரை போக வேண்டும். ஹய்யா கார்டைக் (உலகக் கோப்பை ரசிகர்களுக்கான அடையாள அட்டை) காட்டினால் போதும், டிக்கெட் காசு கிடையாது. நவம்பர்க் கடைசி என்றாலும் உச்சி வெயில் உச்சி வெயில்தான். உள்ளே குளிர்காற்று காலடியில் வீசுகிறது, தலை காய்கிறது.

ஜெர்மனியைச் சாய்த்த ஜப்பான், ஸ்பெயினிடம் ஏழு கோல் வாங்கிய கோஸ்டாரிகா. முடிவு தெரிந்த ஆட்டம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஜப்பான் பந்தை வைத்துக்கொண்டு இங்கேயும் அங்கேயும் தள்ளிக்கொண்டிருந்தது. 81வது நிமிடத்தில் தற்காப்பில் ஒரு சின்னத் தடுமாற்றம், கெய்ஷர் ஃபுல்லர் தூக்கி அடித்தார், கோல்கீப்பர் கையில் பட்டு உள்ளே போனது. இந்தப் போட்டியிலேயே கோஸ்டாரிகா கோலை நோக்கிச் சரியாக அடித்த முதல் பந்து அது. 1–0. இப்படி ஒரு அநியாயத்தை நான் நேரில் பார்த்ததில்லை. கோஸ்டாரிகாக்காரர்களுக்கு அது அநியாயமாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

தோற்ற ஜப்பான் ரசிகர்கள் நீலநிறப் பைகளை எடுத்தார்கள். ஆட்டத்தின்போது காற்றடைத்து ஆட்டிக்கொண்டிருந்த அதே பைகளில் குப்பை பொறுக்க ஆரம்பித்தார்கள். டிவியில் பார்த்தபோது கேமராவுக்காகச் செய்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. என் வரிசையில் கேமரா எதுவும் இல்லை. ஒரு பாட்டி என் காலடியில் கிடந்த கப்பைக் குனிந்து எடுத்தார். கூச்சத்தில் நானும் நாலு கப் பொறுக்கினேன்.

இரவு ஸ்பெயின் 1, ஜெர்மனி 1. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. ஆக ஸ்பெயின் 4, ஜப்பான் 3, கோஸ்டாரிகா 3, ஜெர்மனி 1. நாலு பேருக்கும் உயிர் இருக்கிறது. இந்தக் குரூப்பின் கடைசி ஆட்டங்கள் நடக்கும் 1ஆம் தேதி எனக்கு டிக்கெட் இல்லை. மறுவிற்பனைப் பக்கத்தை மணிக்கு நாலு தடவை திறந்து பார்க்கிறேன்.

நவம்பர் 28, திங்கள்

இன்றைக்கு கேமரூன். இதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும்.

1990ல் எனக்குப் பத்து வயது. எங்கள் தெருவில் ஒரே வீட்டில் டிவி. முதல் ஆட்டத்தில் மரடோனாவின் அர்ஜென்டினாவை கேமரூன் 1–0 என்று அடித்தது, அதுவும் இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி ஒன்பது பேரோடு. அப்புறம் 38 வயது ரோஜர் மில்லா கோல் போட்டுவிட்டு மூலைக் கொடியிடம் போய் இடுப்பை ஆட்டியது. மறுநாள் காலை எங்கள் கிரவுண்டில் கோல் போட்டவன், போடாதவன் எல்லாரும் ஆடினோம். அன்று முதல் நான் கேமரூன் கட்சி. முப்பத்திரண்டு வருடத்தில் அந்தக் கட்சியால் எனக்கு லாபம் ஒன்றும் இல்லை.

அல் வக்ரா மெட்ரோவில் இறங்கி பஸ் பிடித்து அல் ஜனூப். ஸஹா ஹதீத் வடிவமைத்த மைதானம், இந்தப் பக்கத்து மீன்பிடிப் படகின் பாய் போலக் கூரை. செர்பியாவுடன் ஆட்டம். கோல்கீப்பர் ஒனானா அணியில் இல்லை என்ற செய்தி வரும்போதே மனசு தொய்ந்துவிட்டது. 1–0 என்று முன்னால் இருந்தவர்கள் அரை நேரத்துக்குச் சற்று முன் அடுத்தடுத்து இரண்டு வாங்கினார்கள், திரும்பி வந்ததும் இன்னொன்று. 1–3.

பதிலாக வந்தார் வின்சென்ட் அபூபக்கர். கோல்கீப்பரும் ஒரு தற்காப்பாளரும் தரையில் சறுக்கிக் கிடக்க, பந்தைக் கரண்டியால் மொள்வதுபோல் தூக்கி உள்ளே விட்டார். ஆஃப்சைடு என்று லைன்ஸ்மேன் கொடி தூக்கிவிட்டார். அவரே கொண்டாடவில்லை. விஏஆர் (வீடியோ பார்த்துச் சொல்லும் உதவி நடுவர்) பார்த்து கோல் என்றார்கள். மூன்று நிமிடத்தில் அவர் கொடுத்த பந்தில் சூப்போ மோட்டிங் இன்னொன்று. 3–3. எழுந்து நின்றபோது தண்ணீர் பாட்டிலைப் பக்கத்து செர்பியாக்காரர் மேல் கவிழ்த்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. 3–1லிருந்து 3–3 ஆனவனுக்குத் தண்ணீர் ஒரு கஷ்டமா?

மாலை சூக் வாகிஃப் சந்தை. பாலும் ஏலக்காயும் போட்ட கரக் டீ, நம்ம ஊர் டீயை விட ஒரு பங்கு இனிப்பு அதிகம். உயரமான நாற்காலியில், வழிகாட்டும் பெரிய நுரைப்பஞ்சுக் கையோடு உட்கார்ந்து "மெட்ரோ… திஸ் வே" என்று ராகம் போடும் கென்யப் பையனைச் சுற்றி ஐநூறு பேர் எதிர்ப்பாட்டுப் பாடுகிறார்கள். இந்த உலகக் கோப்பையின் நட்சத்திரம் இதுவரைக்கும் அவன்தான்.

நவம்பர் 29, செவ்வாய்

இன்றிலிருந்து குரூப்பின் மூன்றாவது, கடைசிச் சுற்று. ஒரு குரூப்பின் இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில். ஏன் அப்படி என்று தம்பியின் ரூம்மேட் ஒருவர் கேட்டார். "டிவிக்காரனுக்கு நஷ்டம்தானே?"

நஷ்டம்தான். ஆனால் 1982 ஜூன் 25ல் ஸ்பெயினின் கிகோன் நகரத்தில் நடந்ததைக் கேட்டால் இந்தக் கேள்வி வராது. மேற்கு ஜெர்மனியை 2–1 என்று வென்ற அல்ஜீரியா, தன் கடைசி ஆட்டத்தை முந்தின நாளே ஆடி முடித்துவிட்டது. மறுநாள் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஒன்றோ இரண்டோ கோலில் ஜெயித்தால் இரண்டு பேருமே உள்ளே, அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. அதற்குப் பிறகு எண்பது நிமிடம் இரண்டு அணியும் பந்தைத் தள்ளித் தள்ளிப் பொழுதைக் கழித்தன. அரங்கில் இருந்த அல்ஜீரியர்கள் பண நோட்டை ஆட்டிக் காட்டினார்கள். விதியில் எதையும் மீறவில்லை, அதனால் தண்டனையும் இல்லை. 1986லிருந்துதான் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில்.

எனக்கு இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அடுத்த (2026) உலகக் கோப்பையில் 48 அணிகள், மூன்று மூன்று பேராகப் பதினாறு குரூப் என்று முடிவெடுத்து வைத்திருக்கிறார்கள் (பின்குறிப்பு: 2023ல் இந்த முடிவை மாற்றிவிட்டார்கள்). மூன்று பேர் இருந்தால் ஒருவன் எப்போதும் சும்மா உட்கார்ந்திருப்பான். கிகோனை மறுபடி கூப்பிட்டு நாற்காலி போடுகிற வேலை இது.

சரி, ஆட்டம். கலீஃபா மைதானம், ஈக்வடார் – செனகல். ஈக்வடாருக்கு டிரா போதும், செனகல் ஜெயித்தாக வேண்டும். 2002ல் பிரான்சுக்கு எதிராக செனகலின் முதல் உலகக் கோப்பை கோலைப் போட்ட பாப்பா பூபா டியோப் இறந்து இன்றோடு இரண்டு வருடம். கேப்டன் கூலிபாலியின் கைப்பட்டையில் டியோபின் எண் 19. செனகல் பக்கத்து மேளம் வார்ம் அப்பில் ஆரம்பித்து ஒரு நொடி நிற்கவில்லை. பெனால்டியில் செனகல் 1–0. 67ல் கைசெடோ சமன் செய்தார், ஈக்வடார் மஞ்சள் கடல் போலப் பொங்கியது. அந்தப் பொங்கல் அடங்குவதற்குள், மூன்றே நிமிடத்தில், கூலிபாலியே ஒன்று போட்டார். 2–1. கைப்பட்டையைத் தொட்டுக் காட்டினாரா என்று தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

அங்கே நெதர்லாந்து கத்தாரை 2–0. போட்டியை நடத்தும் நாடு ஒன்று மூன்று குரூப் ஆட்டமும் தோற்பது இதுதான் முதல்முறை. மெட்ரோவில் வெள்ளைத் தோப் (அரபு நீள அங்கி) போட்ட ஒரு அப்பாவும் பையனும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பையன் கையில் செனகல் கொடி.

நவம்பர் 30, புதன்

இரவு 10 மணி ஆட்டம். எழுதும்போது விடிகாலை 4 மணி. தூக்கம் வரவில்லை.

அண்ணன் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்தார். லுசைல் மெட்ரோவிலிருந்து நடக்கும்போது வேகம் குறைந்துகொண்டே வந்தது. தங்கக் கிண்ணம் போல ஜொலிக்கிறது அந்த மைதானம். "ராத்திரியில லைட்டோட பார்த்ததே இல்ல" என்றார். உள்ளே போனதும் ஆடுகளத்தைப் பார்க்கவில்லை, மேலே கூரையைத்தான் பார்த்தார். எந்தத் தூண் பக்கம் வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தார், எந்தப் பக்கம் நிழல் வரும், மத்தியானச் சோறு எங்கே வைத்துச் சாப்பிடுவார்கள் என்று காட்டினார். ஒரு தடவை இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்ததையும் அதே குரலில்தான் சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. தேசிய கீதம் ஆரம்பித்தது, எழுந்து நின்றோம்.

சவுதி – மெக்சிகோ. அதே நேரம் 974 மைதானத்தில் போலந்து – அர்ஜென்டினா. 974 கப்பல் கண்டெய்னர்களால் கட்டிய, பிரித்தெடுக்கக்கூடிய மைதானம் அது, கத்தாரின் தொலைபேசிக் குறியீட்டு எண்ணும் 974தான். சவுதி ஜெயித்தால் உள்ளே. மெக்சிகோ ஜெயித்தால் மட்டும் போதாது, கோல் வித்தியாசமும் வேண்டும். கால்வாசி அரங்கு மெக்சிகோ பச்சை, மிச்சம் சவுதிப் பச்சை. எது எது என்று பிரிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

அரை நேரத்தில் 0–0. அங்கேயும் 0–0, மெஸ்ஸியின் பெனால்டியை ஷ்செஸ்னி தடுத்துவிட்டார் என்று போனில் வந்தது. அப்புறம்தான் எல்லாம் ஒரேயடியாக நடந்தது. அங்கே இரண்டாம் பாதி தொடங்கியதுமே அர்ஜென்டினா ஒன்று. இங்கே 47ல் மார்ட்டின் ஒன்று. 52ல் சாவேஸ் ஃப்ரீ கிக். முப்பது கஜத்துக்குக் குறையாத தூரத்திலிருந்து வளைந்து போய்ச் சொருகியது. 2–0. அங்கே 67ல் அர்ஜென்டினாவும் 2–0.

போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இரண்டு தடவை. போலந்தும் மெக்சிகோவும் ஆளுக்கு 4 புள்ளி. கோல் வித்தியாசம் இருவருக்கும் பூஜ்யம். அடித்த கோல் இருவருக்கும் இரண்டு. தங்களுக்குள் ஆடியது 0–0. அடுத்த அளவுகோல் மஞ்சள் அட்டை, குறைவாக வாங்கியவன் உள்ளே. போலந்துக்கு ஐந்து, மெக்சிகோவுக்கு ஏழு.

அண்ணனிடம் சொன்னேன். நம்பவில்லை. "மூணு தடவ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா உள்ள போயிருப்பானா?"

"ஆமாண்ணே. போன உலகக் கோப்பையில செனகல் இப்படித்தான் ஜப்பான்கிட்ட விட்டுட்டு வெளிய போனான்."

"அங்க என்ன ஸ்கோர் இப்ப?"

அந்த அரைமணி நேரத்தில் இந்தக் கேள்வியை எத்தனை மொழியில் கேட்டேன் என்று எண்ணவில்லை. முன் வரிசை மெக்சிகோக்காரர் பெரிய சோம்ப்ரேரோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போனையே பார்த்தார். எதிரே தன் நாடு ஆடிக்கொண்டிருக்கிறது, அவர் கண் போலந்து மேல். மெக்சிகோ இன்னொரு கோல் போட்டது, ஆஃப்சைடு என்று செல்லாமல் போனது. இன்னும் ஒன்று போட்டால் மெக்சிகோ உள்ளே. அங்கே அர்ஜென்டினா இன்னொன்று போட்டாலும் மெக்சிகோ உள்ளே. இரண்டுமே நடக்கவில்லை. இஞ்சுரி டைமில் சலீம் அல் தவ்சாரி சவுதிக்காக ஒன்று போட்டார். 2–1. சவுதிக்கும் அதனால் பயன் இல்லை. ஜெயித்தவரும் வெளியே, தோற்றவரும் வெளியே. தோற்றுப்போன போலந்து உள்ளே.

மெக்சிகோ முதல் கட்டத்திலேயே வெளியேறுவது 1978க்குப் பிறகு இதுதான் முதல்முறை. அந்த மனிதர் சோம்ப்ரேரோவை எடுத்து அண்ணன் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மெட்ரோவில் அதைப் போட்டுக்கொண்டேதான் அண்ணன் வந்தார்.

டிசம்பர் 2, வெள்ளி காலை

நேற்று எழுத முடியவில்லை. மதியம் 3 மணிக்கு மறுவிற்பனையில் ஜப்பான் – ஸ்பெயின் ஒரு சீட் திறந்தது. கை நடுங்கிக்கொண்டே அமுக்கினேன். கிடைத்துவிட்டது.

மறுபடி கலீஃபா. பதினொன்றாவது நிமிடத்தில் மொராட்டா, ஸ்பெயின் 1–0. அல் பைத் மைதானத்தில் கோஸ்டாரிகாவுக்கு எதிராக ஜெர்மனி 1–0. வழக்கம்போல ஐரோப்பாக்காரர்கள் இருவரும் கைகோத்துப் போகப் போகிறார்கள் என்று சலிப்பாக இருந்தது. அரை நேரத்துக்குப் பிறகு ஜப்பானுக்கு யாரோ சாவி கொடுத்துவிட்ட மாதிரி. 48ல் டோவான் அடித்த அடி கோல்கீப்பர் கையை ஒடிக்காத குறை. 51ல் எல்லைக் கோட்டுக்கே ஓடிப்போன பந்தை மிட்டோமா காலை நீட்டித் திருப்பிவிட, டனாகா முழங்காலால் உள்ளே தள்ளினார்.

பந்து வெளியே போய்விட்டது என்று எங்கள் வரிசை முழுக்கச் சொன்னது. என் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது. விஏஆர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கோல்! விதி என்னவென்றால், பந்து முழுசாகக் கோட்டைத் தாண்ட வேண்டும். தரையைத் தொடும் இடம் வெளியே இருந்தாலும், மேலிருந்து பார்த்தால் பந்தின் விளிம்பு கோட்டின் மேல் இருந்தால் பந்து உள்ளேதான். 1.88 மில்லிமீட்டர் என்று இன்று காலை எழுதுகிறார்கள். அது இல்லாமல் 1–1 என்று முடிந்திருந்தால் ஜெர்மனி உள்ளே போயிருக்கும், ஜப்பான் வெளியே.

இந்த ஆட்டத்தில் நான் மறக்க முடியாதது அந்த கோலும் இல்லை. 70வது நிமிடத்தில் கோஸ்டாரிகா 2–1 என்று முன்னால் போனது. ஸ்பெயின் ரசிகர்கள் பகுதியில் ஒரு முணுமுணுப்பு கிளம்பி, வரிசை வரிசையாக மேலே ஏறி வந்தது; வயலில் காற்று நகர்வதுபோல அதைப் பார்க்க முடிந்தது. அந்த நிமிடத்தில் ஜப்பானும் கோஸ்டாரிகாவும் உள்ளே, ஸ்பெயினும் ஜெர்மனியும் வெளியே. மூன்றே நிமிடம். ஹாவெர்ட்ஸ் 73ல் சமன் செய்தார். கீழே ஸ்பெயின் ஆட்டக்காரர்கள் ஒன்றும் தெரியாமல் பந்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்போது தனக்கு அது தெரியாது, தெரிந்திருந்தால் மாரடைப்பே வந்திருக்கும் என்ற பொருளில் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே பிறகு பேசினார். எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஜெர்மனி 4–2 என்று ஜெயித்தும் வெளியே. கோஸ்டாரிகாவுக்கு எதிராகப் போட்ட ஏழு கோல் ஸ்பெயினைக் காப்பாற்றியது. ஆண்கள் உலகக் கோப்பையில் முதல்முறையாக ஒரு பெண், ஸ்டெஃபனி ஃப்ராப்பார், நடுவராக நின்ற ஆட்டமும் அல் பைத்தில் நடந்த அதுதான். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது, என்ன செய்வது.

டிசம்பர் 2, வெள்ளி இரவு, விமான நிலையம்

கடைசி டிக்கெட், அல் ஜனூப், கானா – உருகுவே. 2010 கால் இறுதியில் 120வது நிமிடத்தில் கோலுக்குள் போன பந்தை சுவாரெஸ் கையால் தடுத்தார். சிவப்பு அட்டை. பெனால்டியை கியான் கிராஸ்பாரில் அடித்தார். கானா வெளியே. அதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்று நேற்றுகூட சுவாரெஸ் சொல்லியிருந்தார். கானாக்காரர்கள் நடுவில் எனக்கு சீட். 21வது நிமிடத்தில் கானாவுக்குப் பெனால்டி. அந்த 2010 அணியிலேயே இருந்த ஆந்த்ரே ஆயூ அடித்தார், கோல்கீப்பர் பிடித்துவிட்டார். பக்கத்து அம்மா கண்ணை மூடிக்கொண்டே இருந்தார், சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டார்.

அராஸ்கயேட்டா இரண்டு போட, உருகுவே 2–0. அங்கே கொரியா – போர்ச்சுகல் 1–1. உருகுவே உள்ளே. கானாவுக்கு இனி ஒன்றுமில்லை என்றிருந்த நேரத்தில் போனில் வந்தது: ஹ்வாங் ஹீ சான், 90+1, கொரியா 2–1. புள்ளி சமம், கோல் வித்தியாசம் சமம், கொரியா அடித்தது நாலு, உருகுவே அடித்தது இரண்டு. உருகுவே இன்னும் ஒன்று போட்டாக வேண்டும். சுவாரெஸ் பெஞ்சில் சட்டையை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுகிறார். அந்த அம்மா எழுந்து ஆட ஆரம்பித்தார். தன் அணி 0–2 தோற்றுக்கொண்டிருக்கிறது, வெளியே போகிறது, அவர் ஆடுகிறார். கானா கோல்கீப்பர் ஒவ்வொரு பந்தையும் ஃபைனல் போலத் தடுக்கிறார். விசில் அடித்ததும் சுற்றிலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், என்னையும் சேர்த்து.

நஜ்மாவில் பெட்டியை எடுத்துக்கொண்டு விமான நிலையம் வந்தபோது கேமரூன் – பிரேசில் நடந்துகொண்டிருந்தது. செக் இன் வரிசையில் முன்னால் ஒரு மலையாளிக் குடும்பம், பிரேசில் சட்டை, அவர்கள் போனில் எட்டிப் பார்த்தேன். 90+2. அபூபக்கர் தலையால் முட்டினார். கோல்! சட்டையைக் கழற்றினார். ஏற்கெனவே ஒரு மஞ்சள் இருந்தது. நடுவர் சிரித்துக்கொண்டே கை கொடுத்துவிட்டுச் சிவப்பைக் காட்டினார், அவரும் சிரித்துக்கொண்டே வெளியே போனார். நான் கத்தியதில் கவுண்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். மலையாளிப் பையன் முறைத்தான்.

அண்ணனிடமிருந்து குரல் செய்தி. பின்னால் சோறு வடிக்கிற சத்தம். "தம்பி, உங்க ஆளு பிரேசிலையே அடிச்சிட்டான்ல. அப்ப உள்ள போயிட்டானா? அங்க என்ன ஸ்கோர்?"

போர்டிங் அழைத்துவிட்டார்கள். வரிசையில் நின்றபடியே தட்டச்சு செய்கிறேன்: அண்ணே, அங்கே செர்பியா 2, சுவிட்சர்லாந்து 3…